இரண்டு புற்று, ஒரு நாட்பேர்

கருப்பையிலும் சூலகத்திலும் ஒருசேரப் புற்று காணப்பட்டால், பரவிவிட்டது என்று கைவிரிப்போர் உண்டு. எப்போதும் அப்படியன்று. தீவிரம் குறைந்து, அவ்விரு உறுப்புகளோடு நின்ற சில வகைகளை 2023இல் பன்னாட்டு மகப்பேற்று, பெண்ணோயியல் கூட்டமைப்பு முதலாம் நிலையிலேயே சேர்த்தது. பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. ஆனால் அதைப் பிரித்தறிய நுண்ணிய திசுப் பரிசோதனை வேண்டும்.

அக்கரப்பத்தனைப் பெண்ணுக்கு அது எப்போது கிட்டும்? சுகவனிதையர் கிளினிக்கின் பாப் பரிசோதனை கருப்பைக் கழுத்துக்கானது, சூலகத்தைக் காட்டாது. மாதவிலக்கு நின்றபின் உதிரம் கசிந்தால், மலையிறங்கி மகரகமை வரையும் செல்ல நேரலாம். கொழுந்து பறிக்காத நாளுக்கோ பேர் விழாது.

விழிப்புணர்வு இல்லை என்று அவளையே குறைகூறும் கனவான்களைக் கேட்கிறேன்: பரிசோதனை நாளுக்கு முழுப்பேர் போட்டால் தோட்டம் திவாலாகிவிடுமா?