பீரோ சாவி யாரிடம் இருக்கிறது?

ஒரு கிராம நிர்வாக அலுவலர் மாறுதலாகிப் போகிறார் என்றால், அடுத்து வருபவரிடம் 'அ' பதிவேடு, அடங்கல், புலப்படம் என்று ஒவ்வொன்றாக எண்ணி, பட்டியல் போட்டு ஒப்படைக்க வேண்டும். வாங்கிக்கொண்டவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பட்டியலில் பீரோ சாவிக்கும் ஓர் இடம் உண்டு. சாவி எந்தத் தேதியில் யார் கைக்குப் போனது என்பது எழுத்தில் இருந்ததால், பின்னால் ஒரு காகிதம் காணாமல் போனால் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று தெரிந்திருந்தது. இன்று அந்தக் காகிதங்கள் கணினிக்குப் போய்விட்டன. பீரோவின் இடத்தில் ஷேர்பாயிண்ட், கூகுள் டிரைவ், மின் அலுவலகம் என்று பகிர்வுத் தளங்கள் வந்துவிட்டன. சாவிப் பட்டியலை மட்டும் எங்கோ தொலைத்துவிட்டோம். மதுரை இதை இனியும் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. நினைத்ததற்கான விலையை இந்த ஊர் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மாநகராட்சியின் சொத்து வரி விவகாரத்தைத்தான் சொல்கிறோம். 2022, 2023 ஆண்டுகளில் வணிகக் கட்டடங்கள் பலவற்றின் வரி விதிகளுக்குப் புறம்பாகக் கணினியில் குறைக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. அதற்கு அதிகாரிகளின் லாகினும் பாஸ்வேர்டும் பயன்படுத்தப்பட்டன என்பது அதன் மையம். அன்றைய ஆணையர் 2024-இல் போலீசில் புகார் கொடுத்தார். 2025-இல் கைதுகள் தொடங்கின. ஜூலையில் ஐந்து மண்டலத் தலைவர்களும் இரண்டு நிலைக்குழுத் தலைவர்களும் பதவி விலகினார்கள். அக்டோபரில் மேயரும் விலகினார். உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின் பேரில் சிறப்புக் குழு விசாரித்தது. யார் குற்றவாளி, இழப்பு எவ்வளவு என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். நம்மை உலுக்க வேண்டியது இன்னொன்று. நூறு வார்டு கொண்ட ஒரு மாநகரத்தின் வரவு, ஒரு சில கடவுச்சொற்களைத் தாண்டி வேறு பூட்டே இல்லாமல் கிடந்ததா என்ற கேள்வி அது. இந்தக் குற்றச்சாட்டில் வெளிநாட்டிலிருந்து யாரும் சர்வரை உடைத்ததாகப் பேச்சே இல்லை. உரிய ஆளின் பெயரில், உரிய ஆள் இல்லாமலேயே கதவு திறந்தது என்பதுதான் குற்றச்சாட்டு.

வரி மென்பொருள் வேறு, ஆவணப் பகிர்வுத் தளம் வேறு என்று ஒருவர் சொல்லலாம். வேறுதான். நோய் ஒன்று. "சார் மீட்டிங்ல இருக்கார், அவர் ஐடியில நீயே போட்டுரு" என்ற வாக்கியம் கேட்காத அலுவலகம் தல்லாகுளத்திலிருந்து திருமங்கலம் வரை எத்தனை இருக்கும்? மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் காகிதத்தில் கடவுச்சொல் இருக்கும். ஓடிபி வந்தால் அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். இரண்டு அடுக்குப் பாதுகாப்பு என்று வைத்ததை, நம்பிக்கையின் பேரில் நாமே ஓர் அடுக்காக்கிவிடுகிறோம். நம்பிக்கை நல்லதுதான். ஆனால் எல்லோரும் ஒரே பெயரில் உள்ளே போய் வந்தால், நாளைக்குத் தவறு நடக்கும்போது பதிவேட்டில் ஒரே ஒரு பெயர்தான் நிற்கும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் எதையும் செய்யாத அப்பாவியாகவும் இருக்கலாம். பாஸ்வேர்டைக் கொடுக்க மறுக்கும் கீழ்நிலை ஊழியரை 'ஒத்துழைக்காதவர்' என்று முத்திரை குத்தும் மேலதிகாரிகள் இதை யோசிக்க வேண்டும்.

2020-இன் ஊரடங்குதான் இந்தத் தளங்களை நம் ஊரின் எல்லா மூலைக்கும் கொண்டுவந்தது. கப்பலூர் சிட்கோவின் தொழிற்கூடங்கள், டவுன்ஹால் ரோடு ஆடிட்டர் அலுவலகங்கள், மருத்துவமனைகள், கல்லூரிகள், ஜவுளிக் கடைகள் எல்லாம் கோப்புகளை ஒரே வாரத்தில் டிரைவில் ஏற்றின. அவசரத்தில் யாருடைய ஜிமெயில் முதலில் திறந்ததோ அவர் உரிமையாளர் ஆனார். வடபழஞ்சியிலும் இலந்தைக்குளத்திலும் எல்காட் பூங்காக்களில் உட்கார்ந்து வெளிநாட்டு நிறுவனங்களின் தளங்களைக் கட்டிக்காக்கும் இளைஞர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால், உரிமையாளர் யார், நிர்வாகி யார், வெறுமே படிக்க மட்டும் உரிமை உள்ளவர் யார் என்று பிரிப்பதுதான் முதல் பாடம் என்பார்கள். அதே ஊரில் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நிறுவனத்தில், "அட்மின் யாருங்க?" என்று கேட்டால், சனிக்கிழமை வந்து சிஸ்டம் பார்த்துவிட்டுப் போகும் தம்பியைக் கை காட்டுகிறார்கள். அந்தத் தம்பிக்கு நியமன ஆணை கிடையாது. சம்பளம் கிடையாது, வருகைக் கூலிதான். நிறுவனத்தின் மொத்த ஆவணமும் அவர் கையில்.

இதில் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலோர் டிரைவை ஒரு கிடங்கு என்று நினைக்கிறார்கள். ஒரு பொருளை வைத்தால் வைத்த இடத்திலேயே இருக்கும் என்று நம்புகிறார்கள். அது ஓடும் வாய்க்கால். ஒருவர் தன் கணினியில் இடம் போதவில்லை என்று, ஒத்திசைவில் இருக்கும் ஒரு ஃபோல்டரை அழித்தால், அது எல்லோருடைய கணினியிலிருந்தும் போய்விடும். குப்பைத்தொட்டியில் கிடக்குமே என்பீர்கள். கிடக்கும், கெடு வரை. ஷேர்பாயிண்டில் 93 நாள். கூகுள் டிரைவில் 30 நாள். நவம்பர் மாதம் தவறுதலாக அழித்த பில் ஃபோல்டரை, மார்ச் மாதம் தணிக்கை நெருங்கும்போதுதான் தேடுவோம். அதற்குள் அந்த 93 நாளும் கடந்திருக்கும்.

வேலையை விட்டுப் போனவரின் கணக்கு இன்னொரு கண்ணி. மூடாமல் விட்டால், போட்டி நிறுவனத்தில் சேர்ந்த பிறகும் அவர் கைப்பேசியில் நம் விலைப்பட்டியல் திறந்துகொண்டே இருக்கும். பதறி அடித்து மூடினால், அவர் பெயரில் இருந்த கோப்புகளும் சேர்ந்து போகும். ஒன்டிரைவில், அமைப்பை மாற்றாமல் விட்டிருந்தால், நீக்கப்பட்ட ஊழியரின் கோப்புகளுக்கு 30 நாள்தான் ஆயுள். முதலில் கோப்புகளை வேறு பெயருக்கு மாற்றி, பிறகு கணக்கைப் பூட்ட வேண்டும். இந்த வரிசையை அறிந்த ஆள் அலுவலகத்தில் ஒருவராவது இருக்க வேண்டும்.

லிங்க் விஷயம் இதைவிட மோசம். 'லிங்க் கையில் உள்ள யாரும் பார்க்கலாம்' என்ற அமைப்பில் ஒரு சம்பளப் பட்டியலையோ நோயாளியின் பரிசோதனை முடிவையோ அனுப்புகிறோம். அது வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது, அங்கிருந்து இன்னொரு குழுவுக்கு. அதற்குமேல் அது எங்கே போனது என்று யாரும் சொல்ல முடியாது. அனுமதி கேட்டு யாராவது நச்சரித்தால், அந்த ஒரு கோப்புக்கு மட்டும் கொடுக்காமல் மேலே இருக்கும் ஃபோல்டர் முழுவதற்கும் கொடுத்துவிடுகிறோம். ஃபோல்டருக்குக் கொடுத்த அனுமதி அதற்குள் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் இறங்கும், வீட்டுச் சாவியைக் கொடுத்தால் பூஜை அறையும் திறப்பது போல. இதற்கு நடுவே 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் கரெக்ட்' என்று ஒரே ஒப்பந்தத்துக்கு நாலு பிரதி. ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு, பெயரோடு சேர்த்துவைக்கும் வசதி அந்தத் தளத்திலேயே இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காததால் யாரும் பயன்படுத்துவதில்லை.

பெரிய நாடுகளே இதில் சறுக்குகின்றன என்பது நமக்கு ஆறுதல் ஆகிவிடக் கூடாது. தென் கொரியா உலகின் முன்னணி மின்னாளுமை நாடுகளில் ஒன்று. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரில் இருந்த அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீ பிடித்தது. 709 அரசுச் சேவைகள் நின்றன. அவற்றில் பல மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. ஆனால் அரசு ஊழியர்கள் ஆவணங்களைச் சேமித்துப் பகிர்ந்துகொண்ட ஜி-டிரைவ் என்ற தளத்துக்கு வெளியே பேக்கப் இருக்கவில்லை. 858 டெராபைட் கோப்புகள் அதோடு போயின. ஒவ்வொரு ஊழியருக்கும் 30 ஜிபி இடம் கொடுத்து, அலுவலகக் கணினியில் எதையும் வைக்காதீர்கள், எல்லாவற்றையும் இங்கேயே வையுங்கள் என்று 2018-இல் சொல்லியிருந்தார்கள். அந்த உத்தரவுக்கு ஒழுங்காகக் கட்டுப்பட்ட துறைதான் அதிகம் இழந்தது. தங்கள் பல ஆண்டு உழைப்பைச் சொன்ன இடத்தில் வைத்த ஊழியர்கள் என்ன தவறு செய்தார்கள்? நம் கல்லூரிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் 'எல்லாம் டிரைவில் இருக்கு' என்று சொல்லும்போதெல்லாம் தேஜான் நம் நினைவுக்கு வர வேண்டும்.

அதே ஆண்டு ஜூலையில் இன்னொரு எச்சரிக்கை வந்தது. நிறுவனங்கள் தங்கள் சொந்த சர்வரில் வைத்து நடத்தும் ஷேர்பாயிண்டில் இருந்த ஓட்டை வழியாக இணையத் திருடர்கள் உலகெங்கும் பல நூறு சர்வர்களுக்குள் புகுந்தார்கள். அமெரிக்காவின் அணு ஆயுதப் பாதுகாப்பு நிர்வாகமும் அதில் தப்பவில்லை. மைக்ரோசாஃப்ட் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது. ஆனால் உள்ளே புகுந்தவர்கள் சர்வரின் ரகசியச் சாவிகளைப் பிரதி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஓட்டையை அடைத்தாலும் பிரதி சாவியோடு திரும்பி வரலாம். ஆகவே திருத்தத்தைப் போட்டுவிட்டுச் சாவிகளையும் மாற்றி, சர்வரின் சேவையை மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. 'அப்டேட் போட்டாச்சு சார்' என்ற ஒற்றை வாக்கியத்தோடு நிறைவடைந்த நிர்வாகிகள், பூட்டை மாற்றாமல் கதவை மட்டும் பழுது பார்த்தவர்கள். ஷேர்பாயிண்டின் 2016, 2019 பதிப்புகளுக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2026 ஜூலை 14-உடன் முடிகிறது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைக்குத் திருத்தமே வராது. பழைய சர்வரை ஏசி அறையில் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறோம் என்று நினைக்கும் நிறுவனங்கள் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்றாவது பார்க்க வேண்டும்.

நமக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போதே, யூனிகோடைத் தரமாக அறிவித்தது. இன்னமும் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கடிதங்கள், தீர்மானங்கள், பத்திர நகல்கள் அலுவலகங்களில் குவிந்து கிடக்கின்றன. தளத்தில் ஏற்றினால் அவை வெறும் ஆங்கில எழுத்துக் கிறுக்கலாகத் தெரியும். தேடினால் அகப்படாது. இருக்கும் ஆவணமே இல்லாத ஆவணமாகிவிடும். ஏற்றும் முன் யூனிகோடுக்கு மாற்றினால் தீர்ந்தது. அதைச் செய்ய ஓர் ஆளை உட்கார வைக்க வேண்டும், அவ்வளவே.

சட்டமும் காத்துக்கொண்டிருக்கவில்லை. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, இணையப் பாதுகாப்புச் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 180 நாள் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. சனிக்கிழமை வரும் தம்பி செவ்வாய்க்கிழமை நடந்த திருட்டை 6 மணி நேரத்தில் எப்படிச் சொல்வார்?

நாம் கேட்பது பெரிய செலவு அல்ல. ஒவ்வொரு அலுவலகத்திலும் இந்தத் தளத்துக்குப் பொறுப்பானவர் பெயரோடு, ஆணையோடு, அதற்கென்று ஒதுக்கிய நேரத்தோடு நியமிக்கப்பட வேண்டும். அவருக்கு உடல்நலம் கெட்டாலும் கதவு திறக்க இரண்டாவது ஆள் வேண்டும். தளத்தின் உரிமை நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும், யாருடைய தனி ஜிமெயிலிலும் அல்ல. பேக்கப் தளத்துக்கு வெளியே, வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பையாவது திருப்பி எடுத்துப் பார்க்க வேண்டும். எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நம்பி நிம்மதியாகத் தூங்க முடியாது. யாருக்கு எந்த ஃபோல்டர் திறக்கும் என்ற பட்டியலை மேலதிகாரி தானே உட்கார்ந்து படித்துக் கையெழுத்திட வேண்டும். மாநகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் இதை முதலில் செய்து காட்டினால் மற்றவர்கள் தயங்க வழியில்லை. வரி விவகாரத்துக்குப் பிறகு மாநகராட்சிக்கு அந்தக் கடமை கூடுதலாகவே இருக்கிறது.

இந்த மாதக் கடைசியிலும் மதுரையின் அரசு அலுவலகங்களில் சிலர் பணி ஓய்வு பெறுவார்கள். மாலையும் சால்வையும் போட்டு, முப்பது ஆண்டு உழைப்பைப் பாராட்டிப் பேசி, வீடு வரை கொண்டுபோய் விடுவார்கள். அன்று மாலை அவர்கள் அலுவலகத்தை விட்டு இறங்குவதற்கு முன், பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் பீரோ சாவிக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கப்பட வேண்டும்: இவருடைய லாகின் இந்தத் தேதியில், இந்த நேரத்தில் மூடப்பட்டது. மூடியவர் பெயரும் கையெழுத்தும் அதன் அருகிலேயே இருக்க வேண்டும்.