துருவ ஒளியைத் தேடிப் போகிறவர்களுக்கு

பட்டம் வாங்கி, வேலையில் அமர்ந்து, கையில் நாலு காசு சேர்ந்ததும் நம் நண்பர்கள் பலர் பயணப் பட்டியல் ஒன்று போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பட்டியலில் அண்மைக் காலமாக நார்வேயின் வடகரை தவறாமல் இடம்பெறுகிறது. குளிர்காலத்தில் கப்பலேற வேண்டும், ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்ட வேண்டும், வானில் பச்சை ஒளி நெளிவதைப் பார்த்துப் படம்பிடிக்க வேண்டும். இந்த ஆசையைக் குறை சொல்வது என் நோக்கமன்று. நானும் அதே ஆசையோடு போனவன்தான். ஆனால் எந்தக் கப்பலில் போவது, போகிற வழியில் எதைப் பார்ப்பது என்பதில் எனக்கொரு கருத்து உண்டு. அதைப் பட்டியல் போடுகிறவர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நார்வேயின் கரையோரத்தில் இருவகைக் கப்பல்கள் ஓடுகின்றன. ஒன்று, ஆயிரக்கணக்கானோரை ஏற்றிக்கொண்டு வரும் உல்லாசக் கப்பல். மற்றொன்று, பெர்கன் நகரிலிருந்து ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்கெனஸ் வரை 34 துறைமுகங்களைத் தொட்டுச் செல்லும் கரையோரக் கப்பல். இரண்டாவது வகையில், முழுப் பயணமும் போகாமல், ஒன்றிரண்டு நாள் தூரத்துக்கு மட்டும் சீட்டு வாங்கிப் போவதே மேல் என்பது என் கருத்து.

காரணத்தைச் சொல்ல 1893ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அதற்கு முன், துரோந்ஹெய்மிலிருந்து ஹாமர்பெஸ்டுக்கு ஒரு கடிதம் போய்ச் சேரக் கோடையில் மூன்று வாரம் ஆகும். குளிர்காலத்தில் ஐந்து மாதம்கூட ஆகுமாம். கரை முழுதும் பாறை. கலங்கரை விளக்கங்கள் குறைவு. குளிர்கால இருட்டில் அந்த வழியில் கப்பலோட்ட எவரும் துணியவில்லை. ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர், திசைகாட்டியையும் கடிகாரத்தையும் வைத்துத் தாம் குறித்து வைத்திருந்த கணக்குகளை நம்பி, அரசின் ஒப்பந்தத்தை ஏற்றார். அவ்வாண்டு ஜூலையில் 'வெஸ்டெரோலன்' என்னும் நீராவிக் கப்பல் புறப்பட்டது. அந்த வழித்தடத்துக்கு 'ஹூர்ட்டிகுருட்டன்', அதாவது 'விரைவு வழி' என்று பெயர் வந்தது.

இன்று கடிதங்கள் வேறு வழியில் போகின்றன. விமானம் இருக்கிறது, சாலையும் இருக்கிறது. ஆனாலும் இந்தக் கப்பல் சேவைக்கு நார்வே அரசு இன்னும் பணம் கொடுக்கிறது. 2021 முதல் ஹூர்ட்டிகுருட்டன் நிறுவனத்தின் ஏழு கப்பல்களும் ஹாவிலா நிறுவனத்தின் நான்கு கப்பல்களும் இச்சேவையைப் பகிர்ந்துகொள்கின்றன. சில நூறு பேர் மட்டுமே வாழும் சிற்றூரையும் நாட்டிலிருந்து துண்டித்துவிடக் கூடாது என்ற கொள்கை அந்தப் பணத்துக்குப் பின்னால் நிற்கிறது. ராஜாங் ஆற்றில் சிபுவிலிருந்து காப்பிட்டுக்கு விரைவுப் படகில் போன நம் சரவாக் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் ஒரு ஜனவரி மாதத்தில் துரோம்சோவில் ஏறினேன். மாலை ஆறரைக்குப் புறப்பட்டால் மறுநாள் முழுதும் கடலில் கழியும்; அதற்கடுத்த நாள் காலை ஒன்பது மணியளவில் கிர்கெனஸ். ஏறத்தாழ ஒன்றரை நாள். அங்கே நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. அதற்காக இருபத்து நான்கு மணி நேரமும் கும்மிருட்டு என்று எண்ணிவிடக் கூடாது. நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீலமும் இளஞ்சிவப்புமான ஒரு மங்கல் வெளிச்சம் பரவுகிறது. குளிரும் நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் அந்தக் கரையைத் தழுவிச் செல்வதால் துறைமுகங்கள் உறைவதில்லை. ஆனால் காற்று வேறு கதை. மேல்தளத்தில் ஐந்து நிமிடம் நின்றால் காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

துருவ ஒளியை நான் பார்க்கவில்லை. இரண்டு இரவும் மேகம். சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்கள் பூமியின் காந்தப் புலத்தால் துருவப் பகுதிக்கு இழுக்கப்பட்டு, சுமார் நூறு கிலோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள உயரத்தில் காற்றணுக்களோடு மோதுவதால் பிறப்பது அந்த ஒளி. மேகம் அதற்கு வெகு கீழே இருக்கிறது. நாம் எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் அது விலகப் போவதில்லை. ஒளி தெரியாத இரவில் பயணமே வீண் என்று உடன் வந்த சிலர் முகம் வாடிப் படுக்கப் போனார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் துறைமுகங்களைப் பார்த்தேன்.

நள்ளிரவை ஒட்டிப் போட்ஸ்பியோர்ட். விடியற்காலை மூன்று மணியளவில் வார்டோ. கப்பலின் பக்கவாட்டுக் கதவு திறக்கிறது. போர்க்லிப்ட் வண்டி பனியில் வழுக்காமல் வந்து பெட்டிகளை இறக்குகிறது, வேறு பெட்டிகளை ஏற்றுகிறது. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் இறங்குகிறார். கரையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கார் அவருக்காகக் காத்திருக்கிறது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்து கப்பல் நகர்கிறது. துறைமுகத்தை அடுத்து மீன் பதனிடும் ஆலைகளின் விளக்குகள்.

அந்த விளக்குகளைப் பார்த்துத் தமிழர் ஒருவர் சும்மா கடந்து போக முடியாது. 1956ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து அந்தோணி ராஜேந்திரம் நார்வே சென்றார். மீன்பிடித் தொழிலுக்கு உதவும் 'சீ-நோர்' திட்டத்தைப் பின்னர் யாழ்ப்பாணத்தில் தொடங்கினார். இலங்கையில் போர் மூண்ட பிறகு இளைஞர் பலர் மாணவராகவும் அகதியாகவும் நார்வே வந்தனர். 1980களிலும் 1990களிலும் அவர்களில் கணிசமானோர் பின்மார்க் மாநிலத்தின் கரையோரச் சிற்றூர்களில், இத்தகைய ஆலைகளில், நின்றபடியே மீன் வெட்டினார்கள். பிறகு பலர் குடும்பத்தோடு ஆஸ்லோ முதலிய தென்பகுதி நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். நாம் விடுமுறைக்குப் பணம் கட்டிப் போய்ப் பார்க்கும் அதே இருட்டில், ஊரில் நடக்கும் போரின் செய்திக்காகக் காத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள் அவர்கள். நம் பயணக் கட்டுரைகளில் இவர்களைப் பற்றி ஒரு வரியும் வருவதில்லை. கடல் கடந்த தமிழர் வரலாறு என்று மேடையில் பேசும்போது தோட்டமும் தண்டவாளமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆர்க்டிக் கரையின் மீன் ஆலை வருவதில்லை. அதுவும் நம் வரலாறுதான்.

இதற்கு மறுப்பும் உண்டு. "விடுமுறைக்குப் போகிறவனிடம் வரலாற்றுச் சுமையை ஏன் ஏற்றுகிறாய்? உல்லாசக் கப்பலில் வசதியாகப் போனால் யாருக்கு என்ன நட்டம்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நட்டம் உண்டு என்றே நினைக்கிறேன். 2019 மார்ச்சில் துரோம்சோவிலிருந்து தெற்கே திரும்பிய 'வைக்கிங் ஸ்கை' என்னும் உல்லாசக் கப்பலின் இயந்திரங்கள் புயலில் நின்றுபோயின. அதில் 1,300க்கும் மேற்பட்டோர் இருந்தனர். நானூறுக்கும் மேற்பட்டவர்களை ஹெலிகாப்டர்கள் ஒவ்வொருவராகத் தூக்கி மீட்க வேண்டியதாயிற்று. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. பெரிய கப்பலுக்குச் சிறிய கரை எந்த அளவுக்குக் கைகொடுக்க முடியும் என்பதை அது காட்டியது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. 1979க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்திருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் பறந்துபோய் அந்தப் பனியைப் பார்ப்பது நியாயமா? இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. அடிக்கடி போகாதீர்கள், போனால் அவசரமாகத் திரும்பாதீர்கள் என்று மட்டுமே சொல்ல முடிகிறது. கப்பலில் ஒன்றரை நாள் போதும். மிச்ச நாளை ஏதாவது ஒரு சிற்றூரில் இறங்கிக் கழியுங்கள். அந்த ஊர்க் கடையில் ரொட்டி வாங்குங்கள். 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை பின்மார்க் ஊர்களை எரித்துவிட்டுப் போனதால் அங்கே பழைய வீடுகள் ஏன் இவ்வளவு குறைவு என்பதை அங்குள்ளவர் வாயாலேயே கேளுங்கள்.

அரசு உதவி பெறும் கப்பல் முழுக்க முழுக்கச் சுற்றுலாப் பயணியின் கப்பலாக மாறிவிட்டால், அந்தத் தாய்க்கும் குழந்தைக்கும் இடம் குறைந்துவிடும். துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்குச் சீட்டு வாங்குகிறவர்கள் இருக்கும்வரை அது ஊர்க் கப்பலாகவே நீடிக்கும். ஆகவே போகிறவர்கள் போய் வாருங்கள். துருவ ஒளி தெரிந்தால் மகிழ்ச்சி. தெரியாவிட்டால் உடனே படுக்கப் போய்விடாதீர்கள். மூன்று மணிக்கு வார்டோ வரும்.