புயலில் கூரை போச்சா? இன்சூரன்ஸ் க்ளெய்ம் எங்கே சிக்குது?

2018-ல் கஜா, 2024-ல் ஃபெஞ்சல் எனப் புயல் ஒவ்வொன்றும் முதலில் பதம் பார்ப்பது கூரையைத்தான். பாலிசி இருந்தாலும் பணம் தானாக வந்துவிடாது. உடைந்தது புயலாலா, பழைய பழுதாலா? க்ளெய்ம் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் சிக்குகிறது.

எந்த இன்சூரன்ஸ்?

வீட்டுக் கடனோடு பிடித்த இன்சூரன்ஸ் கட்டடத்துக்கா, கடன் வாங்கியவரின் உயிருக்கா என்று முதலில் பார்க்க வேண்டும். உயிருக்கு மட்டும்னா, கூரைக்கு ஒரு பைசா வராது. 2021 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் புயல், வெள்ளம் இரண்டும் அடக்கம். காப்பீட்டுத் தொகை கட்டுமானச் செலவை வைத்துத்தான்; மனை விலை சேராது.

முதல் நாள் என்ன செய்யணும்?

நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லி, க்ளெய்ம் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். மழை உள்ளே இறங்காமல் தார்பாய் போடலாம், போடவும் வேண்டும். சேதம் கூடாமல் பார்ப்பது பாலிசிதாரரின் பொறுப்பு. ஆனா, மூடுவதற்கு முன்பே போட்டோ, வீடியோ எடுத்துவிட வேண்டும். உடைந்த ஓடு, ஷீட்டைத் தூக்கிப் போடக் கூடாது. முழு ரிப்பேர், சர்வேயர் வந்து பார்த்த பிறகுதான்.

சர்வேயர் எதைப் பார்ப்பார்?

துருப்பிடித்த போல்ட், உளுத்துப்போன மரச்சட்டம், பழைய நீர்க்கசிவுக் கறை இருந்தால் 'தேய்மானம்' என்று எழுத வாய்ப்பு அதிகம். தேய்மானத்துக்குப் பாலிசியில் இடமில்லை. அந்தச் சமயத்தில் கைகொடுப்பது பராமரிப்பு பில்லும், புயலுக்கு முன் எடுத்த படங்களும்தான். மேஸ்திரியிடம் வாங்கும் எஸ்டிமேட்டில் சதுர அடி, பொருள் விலை, கூலி எல்லாம் தனித்தனியாக இருப்பது நல்லது. மொத்தமா ஒரு தொகை எழுதினால் குறைப்பது சுலபம்.

மறுத்துட்டா?

காரணத்தை எழுத்தில் கேட்டு, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் அனுப்பலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால் அடுத்த கதவு இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். ரூ.50 லட்சம் வரையிலான புகார்களை விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால், ஓராண்டுக்குள் போக வேண்டும்.

அக்டோபரில் பருவமழை தொடங்கும் முன் கூரையை ஒருமுறை சரிபார்த்து, தேதியோடு மொபைலில் வீடியோ எடுத்து வைத்தால், 'பழைய பழுது' என்ற பேச்சுக்கு அதுவே பதில்.