கயிற்று விரிப்பும் நாற்பது பேர் கணக்கும்

வீட்டு அலங்காரக் கடைகள் இப்போது பிளாஸ்டிக்கைப் பழித்து, இயற்கை நார் விரிப்பைப் புகழ்கின்றன. தென்னை நாரில் நெய்து சாயமேற்றிய விரிப்பு கூடத்துக்கு அழகு, பூமிக்குக் கேடில்லை என்கிறார்கள். பொய்யில்லை. (வெறுங்காலில் சற்றுக் குத்தும் என்பதை மட்டும் சொல்வதில்லை!) டோல்கேட்டின் புதிய அடுக்குமாடிகளிலும் அது விரிந்து கிடக்கட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. அதை நெய்தவன் கதியைத்தான் நாம் கேட்கிறோம்.

1859-ல் ஜேம்ஸ் டாரா என்ற வெள்ளையர் ஆலப்புழையில் முதல் கயிற்று விரிப்பு ஆலையைத் திறந்தார். ஆஸ்பின்வால், வோல்கார்ட், குடேக்கர் கம்பெனிகளும் வந்து சேர்ந்தன. சீமைக் கனவான்களின் நடைகளில் விரிக்கச் சரக்கு கப்பலேறியது. காயலில் மாதக்கணக்கில் ஊறி அழுகிய மட்டையைப் பெண்கள் தடியால் அடித்து நாரெடுத்தார்கள். ராட்டில் கயிறு திரித்தார்கள். ஆலைத் தறியில் ஆண்கள் நெய்தார்கள்.

ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கானவர்கள் கூடியதால் சங்கம் பிறந்தது. 1922-ல் திருவிதாங்கூர் தொழிலாளர் சங்கம். 1938 அக்டோபரில் ஆலப்புழையே ஸ்தம்பித்த பொது வேலைநிறுத்தம். கூலியோடு பொறுப்பாட்சியும் கேட்ட போராட்டம் அது. 1946 அக்டோபரில் புன்னப்புராவிலும் வயலாரிலும் திவான் சி.பி. ராமசாமி அய்யரின் துப்பாக்கிகளுக்கு எதிரே நின்றவர்களிலும் கயிற்றுத் தொழிலாளர்கள் ஏராளம்.

துப்பாக்கியால் முடியாததைக் கணக்குப்பிள்ளை சாதித்தான். மின்சாரம் இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் வேலை செய்யும் இடம் தொழிற்சாலை என்றது 1948-ம் ஆண்டுச் சட்டம். முதலாளிகள் தறிகளைப் பிரித்துக் கொட்டகை கொட்டகையாக ஒதுக்கினார்கள். அதே விரிப்பு, அதே தொழிலாளி. பெயர் மட்டும் "சிறு உற்பத்தியாளன்"! அவன் சரக்குக்கு டிப்போக்காரன் விலை வைத்தான். போனஸ், பிராவிடண்ட் பண்டு, லீவு எல்லாம் பறந்தன. ஏற்றுமதியாளன் எதையும் இழக்கவில்லை.

அந்தத் தறிகளுக்கு நார் இன்று பெருமளவு தமிழ்நாட்டு மட்டை மில்களிலிருந்து போகிறது. அங்கே தூசியில் நிற்கிறவர்களின் கதை தனியே எழுத வேண்டியது.

முதலாளிகள் அன்று திருட்டுத்தனமாகச் செய்ததை மத்திய சர்க்கார் இன்று சட்டமாகவே செய்துவிட்டது. 2020-ல் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21-ல் அமலுக்குக் கொண்டுவந்த தொகுப்புச் சட்டத்தில் 10 பேர் 20 ஆனது. 20 பேர் 40 ஆனது. கைத்தறிக் கொட்டகையில் 39 பேர் நெய்தாலும் அது தொழிற்சாலை அல்லவாம்!

ஆலப்புழைக் கதை நமக்கென்ன என்று டோல்கேட்டில் விடியுமுன் பஸ் ஏறி எண்ணூருக்கும் மணலிக்கும் போகும் காண்டிராக்ட் தொழிலாளி இருந்துவிட முடியாது. காண்டிராக்ட் தொழிலாளர் சட்டத்தின் வரம்பும் 20-லிருந்து 50 ஆகிவிட்டது. ஆளுக்கு 49 பேர் வீதம் பத்துக் காண்டிராக்டர்கள் என்றால், 490 பேரை வேலை வாங்கும் அந்தப் பத்துப் பேரில் ஒருவனும் லைசென்ஸ் எடுக்க வேண்டியதில்லை. தறியைப் பிரித்தவர்கள் இங்கே ஆளைப் பிரிக்கிறார்கள்.

பழைய வரம்புகள் திரும்ப வேண்டும். ஒரே முதலாளிக்குச் சரக்கு போகும் கொட்டகைகளை ஒரே தொழிற்சாலையாக எண்ண வேண்டும். காண்டிராக்டர்களின் ஆட்களைப் பிரதான கம்பெனியின் கணக்கில் சேர்க்க வேண்டும். கயிற்றுத் தொழிலாளியின் இந்தக் கோரிக்கைகளை வடசென்னைச் சங்கங்கள் தங்கள் வாசற்கூட்டங்களில் இப்போதே எடுத்துப் பேச வேண்டும்.