அரங்கேற்றத்துக்கு முந்திய காலம்

கலைஞன் என்று பெயரெடுக்க இனி எவருடைய தயவும் வேண்டியதில்லை, இணையக் காணொளி வந்து எல்லாருக்கும் வாசலைத் திறந்துவிட்டது என்று பலரும் பெருமிதத்தோடு சொல்லிவருகிறார்கள். சபா காரியதரிசிகளின் சௌகரியத்துக்காகக் காத்துக் கிடந்த வித்துவான்களையும், அகில இந்திய வானொலியின் குரல் தேர்வுக் குழுவின் முன் நின்று தரம் பிரிக்கப்பட்ட பாடகர்களையும், கோடம்பாக்கத்து ஸ்டூடியோ வாசல்களில் யௌவனத்தைத் தொலைத்துவிட்டு ஊர் திரும்பிய நடிகர்களையும் நினைத்துப் பார்ப்பவர்களுக்கு, கையிலிருக்கும் செல்போனைச் சுவரில் சாய்த்துவைத்துப் பாடிவிட்டு அன்றிரவே ஆயிரம் பேரிடம் அபிப்பிராயம் கேட்கலாம் என்ற இன்றைய நிலைமை ஒரு பெரிய சுதந்திரமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் வாசல் திறந்ததைக் கொண்டாடும் உற்சாகத்தில், அரங்கேற்றத்துக்கு முன்பு ஒரு கலைஞன் யார் கண்ணிலும் படாமல் கழித்துவந்த பயிற்சிக் காலம் என்ற ஒன்று மெல்ல மறைந்து வருவதை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை.

சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் பாய்ஸ் கம்பெனிகள் என்ற சிறுவர் நாடகக் குழுக்களை எடுத்துக்கொள்வோம். அவை இன்பவனங்கள் அல்ல. அடியும் அரைவயிற்றுச் சோறும் அங்கே சகஜம். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்த எம்.ஜி.ஆர்., 1936-ல் ‘சதிலீலாவதி’யில் சின்ன வேடமொன்றில் திரையில் தோன்றி, 1947-ல் ‘ராஜகுமாரி’ வரும்வரை கதாநாயகனாகாமல் காத்திருக்க நேர்ந்தது. பெண் வேஷம் கட்டிப் பழகிய சிவாஜி கணேசனுக்கு 1952-ன் ‘பராசக்தி’க்குப் பின்னால் நாடக மேடையின் பல வருஷ அப்பியாசம் இருந்தது. கஷ்டங்கள் மலிந்த அந்த வாழ்க்கையில் ஒரேயொரு சலுகை இருந்தது என்பேன்: திண்டுக்கல்லில் வசனம் மறந்து திகைத்து நின்ற பையனைப் பற்றித் திருச்சிக்காரர்களுக்கு எதுவும் தெரியாது. தோல்வி நிகழ்ந்த ஊரிலேயே தங்கிவிடும். பையன் அடுத்த ஊருக்குப் போய்விடுவான்.

இன்றோ முதல் முயற்சியும் அரங்கேற்றமும் ஒரே நாளில் நடந்தேறுகின்றன. குரல் உடைகிற வயதில் பாடிய பாட்டு, அதைக் கேட்டவர்களின் பரிகாசத்தோடு, பாடியவனுக்கு நாற்பது வயதாகும்போதும் எவரோ ஒருவர் தட்டி எடுக்கும்படி கிடக்கிறது. தோல்வியை மறைத்துக்கொள்ள இடமில்லை என்பது ஒரு கஷ்டம். மௌனத்துக்கும் இடமில்லை என்பது அதைவிடப் பெரிய கஷ்டம். யூடியூபில் விளம்பரப் பணத்தில் பங்கு பெறுவதற்கு, நீண்ட காணொளிகள் செய்கிறவர் ஆயிரம் சந்தாதாரர்களையும் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையையும் சேர்த்தாக வேண்டும் என்பதும், சேர்த்துவிட்டால் அந்த வருமானத்தில் 55 சதவீதம் அவருக்கு வரும் என்பதும் பலர் அறிந்த சங்கதி. ஆறு மாதத்துக்கு மேல் எதையும் வெளியிடாத சேனலின் வருமானத்தை நிறுத்திவிடும் அதிகாரத்தை அந்த நிறுவனம் தன் விதிகளில் வைத்துக்கொண்டிருக்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒரு ராகத்தைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் வாய் திறவாமல் சாதகம் செய்வேன் என்கிற மனிதனுக்கு இந்த ஏற்பாட்டில் என்ன இடம் இருக்க முடியும்?

கருவிகள் கலையைத் தம் அளவுக்கு வளைப்பது நமக்குப் புதிதல்ல என்று சங்கீதம் தெரிந்தவர்கள் சொல்லக்கூடும். அதில் உண்மை உண்டு. கிராமபோன் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகத்தான் இடம் இருந்தது என்பதற்காகவே, மணிக்கணக்கில் விரியவேண்டிய ஆலாபனையை நம் முன்னோர்கள் நாலைந்து பிடிகளில் முடித்துக்கொண்டார்கள். ஆயினும் எந்த ஸ்வரத்தில் ரசிகர் கொட்டாவி விட்டார், எந்த இடத்தில் எழுந்து போனார் என்பதை அந்தத் தட்டு பாடியவரிடம் திரும்பிவந்து ஒப்பித்ததில்லை. இன்றைய சேனல்காரருக்கோ, எத்தனையாவது விநாடியில் எத்தனை பங்கினர் விலகினார்கள் என்பதை ஒரு கோடு வரைந்து தினந்தோறும் காட்டுகிறார்கள். அந்தக் கோடு கீழே சரிந்த இடத்தையெல்லாம் அடுத்த முறை வெட்டிவிடவேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் வராது? அதனால்தான் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே ருசி பார்க்கும் காட்சி வந்துவிடுகிறது; கதை சொல்பவர் முடிச்சை முதலில் அவிழ்த்துவிட்டுப் பிறகு கட்ட ஆரம்பிக்கிறார்.

இதற்கு விலக்குகள் உண்டு. அவற்றுள் சிறந்தது புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்திலிருந்து வந்தது. 2018-ல் ஒரு பாட்டனாரும் அவருடைய பேரப்பிள்ளைகளும் சேர்ந்து வயல்வெளியில் விறகடுப்பு மூட்டிச் சமைக்கத் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, 2021-ல் தமிழ்ச் சேனல்களிலேயே முதலாவதாக ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டி, மறு வருஷமே ‘விக்ரம்’ படத்திலும் தலைகாட்டியது. இது காணொளி உண்டாக்கிய திறமை என்று பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: விருந்துகளுக்குச் சமைத்துச் சமைத்துப் பெரியதம்பி என்ற அந்த முதியவரின் கை பக்குவப்பட்ட பிறகே காமிரா அவரிடம் போய்ச் சேர்ந்தது. பழுத்ததைக் கண்டுபிடித்துக் கோடிப் பேருக்குக் காட்டுவதில் இந்தச் சாதனத்துக்கு நிகர் வேறொன்றில்லை. பழுக்க வைக்கும் பொறுமைதான் அதனிடம் இல்லை. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துப் பழகிய கார்த்திக் சுப்பராஜ் 2012-ல் ‘பீட்சா’வையும், நலன் குமரசாமி 2013-ல் ‘சூது கவ்வும்’ படத்தையும் தந்தார்கள் என்றால், அங்கே குறை சொல்லித் திருத்துவதற்கு எதிரே இரண்டு பேராவது அமர்ந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இந்தப் புகழ் எவ்வளவு காலம் நம்முடையது என்ற கேள்விக்கு 2020 ஜூன் 29-ஆம் தேதி ஒரு பதில் கிடைத்தது. சீனத் தொடர்புள்ள 59 செயலிகளுக்குத் தடை வந்தபோது, டிக்டாக்கில் ஆடிப்பாடிப் பெயர் வாங்கியிருந்த எத்தனையோ நாட்டுப்புறத்து மனிதர்கள் தங்கள் ரசிகர் கூட்டத்தை ஒரே இரவில் இழந்தார்கள். தடை சரியா தவறா என்பது வேறு விஷயம். நாடகக் கம்பெனி கலைந்தாலும் நடிகனின் முகம் அவனோடு போகும். இங்கே முகத்தைக்கூடப் பிறத்தியாருடைய கிடங்கில் அல்லவா வைத்திருந்தார்கள்!

பெரியவர்கள் தெரிந்தே ஏற்றுக்கொள்ளும் இடர்ப்பாடு என்று இதையெல்லாம் விட்டுவிடலாம். நடை பழகும் குழந்தையின் அழுகையும் மழலையும் குடும்பச் சேனலுக்குச் சரக்காகும்போது அப்படி விட்டுவிட எனக்கு மனமில்லை. 2017-ல் திருத்தப்பட்ட நம் குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, படத்தில் நடிக்கும் குழந்தைக்கு மாவட்ட மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்காவது அதன் பெயரில் வங்கி வைப்பாகச் சேரவேண்டும். வீட்டுக் கூடத்தில் மகளை ஆடவிட்டுப் படம் பிடிக்கும் தகப்பனார் எவரும் அதற்காகக் கலெக்டர் அலுவலகப் படி ஏறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. பிரான்சு தேசம் 2020 அக்டோபரிலேயே இத்தகைய குழந்தைகளுக்கென்று சட்டம் செய்துவிட்டது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2024 ஜூலை முதல், பெற்றோரின் காணொளிகளில் தோன்றும் பிள்ளைகளுக்கு வருமானத்தில் பங்கு ஒதுக்கிவைக்க வேண்டும். பணத்தைப் பற்றிய ஏற்பாட்டைவிட, பிரெஞ்சுச் சட்டத்திலுள்ள மற்றொரு பிரிவே எனக்கு முக்கியமாகப் படுகிறது: தான் தோன்றும் படங்களை அழித்துவிடும்படி, பெற்றோரின் சம்மதத்தை எதிர்பாராமல், அந்தப் பிள்ளையே நிறுவனத்திடம் கேட்கலாம் என்று அது சொல்கிறது. நம் நாட்டுக் குழந்தைகளுக்கும் அந்த உரிமையை வெளிப்படையான சொற்களில் எழுதித் தரவேண்டும். அடுத்த பாராளுமன்றக் கூட்டத்தொடரிலேயே அதைச் செய்வதற்குத் தடையாக எந்தக் காரணமும் எனக்குத் தென்படவில்லை.