புனல் செய்பவர்களுக்கு ஒரு மனு

நம் சமையலறையில் இருப்பதிலேயே மோசமாகச் செய்யப்பட்ட சாமான் எது என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் புனல் என்பேன். மிக்ஸிக்கு வாரண்டி கார்டு தருகிறார்கள். குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது. குனிந்து குனிந்து மாவு வழித்த பெண்களின் இடுப்பு வலியை யாரோ கவனித்து, கிரைண்டரைச் சாய்க்கிற மாதிரி பண்ணிவிட்டார்கள். புனல் மட்டும் என் சின்ன வயசில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால் அன்றைக்கு இருந்ததைவிட மட்டமாகிவிட்டது. ஒரு புனலுக்கு இவ்வளவு பெரிய கட்டுரையா என்று சிரிக்காதீர்கள். எழுபதைத் தாண்டியவர்களுக்கு இது முக்கியமான விஷயம் என்பது என் கட்சி.

பெயரென்னவோ அருமையான பெயர். பழந்தமிழில் புனல் என்றால் ஆற்று நீர், ஓடுகிற வெள்ளம். நம் கையில் இருக்கும் புனல் மேல்நாட்டிலிருந்து வந்த வார்த்தை. எப்படியோ உச்சரிப்பில் ஆற்று நீரோடு போய் ஒட்டிக்கொண்டது. ஆனால் இந்தப் புனலில் எதுவும் ஒழுங்காக ஓட மாட்டேன் என்கிறது. அதுதான் குறை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இதற்கு 'ஆந்தொன்னுவார்' என்று பெயர். 'தொன்' என்றால் பீப்பாய். பீப்பாயில் ஊற்ற உதவுவது என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரர்களின் கேலிச்சித்திரங்களில் ஒருவன் பைத்தியம் என்று காட்ட வேண்டுமானால் அவன் தலையில் ஒரு புனலைக் கவிழ்த்துவிடுவார்கள். மாட்ரிட் நகரத்துப் பிராடோ அருங்காட்சியகத்தில் ஹீரோனிமஸ் போஷ் வரைந்த ஓர் ஓவியம் இருக்கிறது. அதில் நோயாளியின் தலையைக் கீறி உள்ளேயிருந்து கல்லை எடுப்பதாகச் சொல்லும் போலி வைத்தியன், புனலைத் தொப்பியாகப் போட்டுக்கொண்டிருப்பான். இதைப் படித்து முடித்துவிட்டு என் தலையிலும் ஒன்றைக் கவிழ்ப்பதென்றால் கவிழ்த்துக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருள்களைப் பற்றிய பாடம். மெழுகுவர்த்தி, பூட்டு, தராசு என்று ஏதாவது ஒன்றை மேஜைமேல் வைத்து, அதைப் பார்த்துக் கேள்வி கேட்பார் வாத்தியார். ஒரு நாள் வந்தது புனல். ஒரு கண்ணாடி பாட்டிலில் புனலைச் செருகி, பாட்டில் வாயைச் சுற்றிப் பிசைந்த மாவை அப்பி அடைத்துவிட்டார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினார். கொஞ்சம் இறங்கியது, அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. பாட்டில் காலியாகத்தானே இருக்கிறது, ஏன் இறங்கவில்லை? காலி இல்லை, உள்ளே காற்று இருக்கிறது, அது வெளியே போக வழியில்லை. மாவில் ஓர் ஊசியால் துளை போட்டார். தண்ணீர் சரசரவென்று இறங்கிவிட்டது. ஐந்து நிமிஷப் பாடம், அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் மறக்கவில்லை.

இன்றைக்குக் கடையில் 20 ரூபாய்க்கும் 30 ரூபாய்க்கும் விற்கிற புனலைப் பாருங்கள். குழாய் வழவழவென்று இருக்கும். பாட்டில் வாயில் வைத்தால் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். வாத்தியார் அப்பிய மாவு இல்லாமலே அடைத்துக்கொள்ளும். உள்ளேயிருக்கும் காற்று வேறு வழியில்லாமல், எண்ணெய் இறங்குகிற அதே குழாய் வழியாகக் குமிழி குமிழியாக மேலே ஏறும். 'குளுக், குளுக்' என்று சத்தம் கேட்கிறதே, அது இதுதான். தண்ணீரானால் மேஜை நனையும். சூடான எண்ணெயானால் குமிழி மேலே வந்து வெடிக்கும்போது கையில் தெறிக்கும்.

போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. முறுக்கு சுட்ட எண்ணெய் கொஞ்சம் ஆறியதும் என் மனைவி அதைப் பாட்டிலில் ஊற்றினாள். பாதி இறங்கும்போது ஒரு குமிழி வெடித்து மணிக்கட்டில் தெறித்தது. நல்லவேளை, பெரிய கொப்புளம் இல்லை. ஆனால் அவள் சொன்னது என் மனசில் தைத்துவிட்டது. "வயசாயிடுச்சு, கை நடுங்குது. இனிமே இதெல்லாம் என்னால முடியாது."

கை நடுங்கியது நிஜம்தான். ஆனால் நாற்பது வருஷமாக அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு கையால் வாணலியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் இரண்டு விரலால் புனலை ஒரு நூல் அளவு தூக்கிப் பிடித்து, காற்றுக்கு வழிவிட்டபடியே ஊற்றிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, கையே கற்றுக்கொண்டது. அத்தனை வருஷமும் புனலின் குறையை அவள் விரல்கள் ஈடுகட்டிக்கொண்டிருந்தன. விரல் தளர்ந்தவுடன் குறை வெளியே வந்துவிட்டது. பழியை மட்டும் கை ஏற்றுக்கொண்டது. இது நியாயமா?

மயிலாப்பூரிலும் அடையாறிலும் இன்றைக்கு எத்தனை ஃப்ளாட்டுகளில் கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும், அல்லது ஒருவர் மட்டும் இருக்கிறோம்! பிள்ளைகள் கலிபோர்னியாவிலோ சிட்னியிலோ. எண்ணெய் ஊற்றுவதற்கு ஆள் கூப்பிட முடியாது. ஒரு சின்ன வேலையை முடியாது என்று விட்டால், அடுத்தது இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. சாமான் சரியாக இருந்தால் இன்னும் பத்து வருஷம் செய்யக்கூடிய வேலையை, சாமான் சரியில்லாததால் இப்போதே விட வேண்டுமா?

அடுத்தது வடிகட்டுகிற விஷயம். வடிகட்டிக்கு நம் இலக்கணத்திலேயே கெட்ட பெயர். நன்னூலில் பவணந்தி முனிவர் கடைமாணாக்கருக்கு உவமை சொல்லும்போது நெய்யரியையும் சேர்த்துவிட்டார். நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் வைத்துக்கொள்கிற பன்னாடை அது. மாணவனுக்கு அது கெட்ட குணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சமையலறையில் அந்தக் குணத்துக்காகத்தானே காசு கொடுத்து வாங்குகிறோம்! செக்கு எண்ணெயில் மண்டி தங்கும். பொரித்த எண்ணெயில் மாவுத் துணுக்குகள் நிற்கும். அதை வடிகட்டாமல் மறுபடி அடுப்பில் வைத்தால் துணுக்குகள் கருகி எண்ணெய் சீக்கிரம் கெடும். வடிகட்டினாலும் பலமுறை காய்ச்சியது நல்லதல்ல. பொரித்த எண்ணெயில் 'டோட்டல் போலார் காம்பவுண்ட்ஸ்' 25 சதவிகிதத்தைத் தாண்டினால் உபயோகிக்கக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2018 ஜூலை முதல் விதி போட்டிருக்கிறது.

வடிகட்டி வைத்த புனலும் கடையில் கிடைக்கிறது. ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் பார்த்தேன். ஆனால் பெரும்பாலும் வடிகட்டியை எங்கே வைக்கிறார்கள் தெரியுமா? குழாய் ஆரம்பிக்கிற இடத்தில், குறுகிய கழுத்தில். இது கணக்குத் தெரியாதவர் செய்த வேலை. கழுத்தின் விட்டம் 1 செ.மீ., மேல் வாயின் விட்டம் 8 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே மேலே வைக்கிற வலை, கீழே வைக்கிற வலையைப் போல 64 மடங்கு பெரியது. கழுத்தில் வைத்தால் நாலு கடுகும் ஒரு கறிவேப்பிலையும் போதும், வழி அடைத்துவிடும். மேலே வைத்தால் ஒரு கைப்பிடி கசடு விழுந்தாலும் ஓரத்தில் இடம் இருக்கும். பிரெஞ்சுச் சமையல்காரர்கள் 'ஷினுவா' என்று ஒரு வடிகட்டி வைத்திருப்பார்கள். சீனாக்காரர் தொப்பி மாதிரி கூம்பாக இருப்பதால் அந்தப் பெயர். அதில் கூம்பு முழுவதுமே வடிகட்டிதான்.

நம் காபி ஃபில்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அடித்தட்டு முழுவதும் துளை. மேலே ஒரு குடை, கொதிக்கிற தண்ணீர் பொடியைக் கிளறிவிடாமல் பரவலாக இறங்குவதற்காக. நல்ல அமைப்பு. ஆனால் அதற்கும் இதே வியாதி உண்டு. மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் இறுக உட்கார்ந்துவிட்டால் டிகாக்‌ஷன் இறங்காது. நாம் என்ன செய்வோம்? மேலே 'டங் டங்' என்று தட்டுவோம். உண்மையில் மேல் பாத்திரத்தை லேசாகத் திருகித் தளர்த்தினாலே போதும். காற்று வெளியேறும், சொட்டு விழ ஆரம்பிக்கும். துளையே அடைத்திருந்தால்தான் ஃபில்டரின் அடியை அடுப்பு நெருப்பில் காட்ட வேண்டும்.

இதெல்லாம் உலகம் அறியாத ரகசியமும் இல்லை. 1908இல் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பத் தலைவி, காபியில் மண்டி வருகிறதே என்று அலுத்துப்போய், ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளை போட்டு, மகனின் பள்ளிக்கூட நோட்டிலிருந்த மை ஒற்றும் தாளைக் கிழித்து உள்ளே வைத்தார். காகித ஃபில்டர் அப்படித்தான் பிறந்தது. அதே வருஷம் உரிமையும் பதிவு செய்து கம்பெனியும் ஆரம்பித்துவிட்டார். 1941இல் பீட்டர் ஷ்லும்போம் என்ற ரசாயன நிபுணர், ஆய்வுக்கூடத்துப் புனலையும் குடுவையையும் ஒன்றாக ஒட்டவைத்த மாதிரி 'கெமெக்ஸ்' என்ற காபிக் குடுவையைச் செய்தார். அதன் ஒரு பக்கத்தில் மேலிருந்து ஒரு பள்ளம் ஓடும். அது ஊற்றுவதற்கு மூக்கு மட்டுமல்ல, காற்று போகிற வழியும்கூட. எங்கள் வாத்தியாரின் ஊசித் துளைதான். அந்தக் குடுவை இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வங்காளதேசத்தில் இன்னும் எளிது. பழைய பருத்திப் புடவையை எட்டு மடிப்பாக்கிக் குளத்துத் தண்ணீரை வடிகட்டச் சொன்னார்கள். காலரா கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணுயிர்கள் துணியில் நின்றுவிட்டன. காலரா 48 சதவிகிதம் குறைந்ததாக 2003இல் ஆராய்ச்சி முடிவு வெளியிட்டார்கள். புதுத் துணியைவிடத் துவைத்துத் துவைத்து நைந்த துணிதான் நன்றாக வடிகட்டியதாம். நம் பாட்டிகள் பழைய வேஷ்டியைக் கிழித்து வைத்துக்கொண்டதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆகவே, ஆயுசு முழுவதும் மனு வாங்கிக் கோப்பு போட்ட குமாஸ்தா என்ற முறையில், புனல் செய்பவர்களுக்கு என் மனுவை வரிசை எண் போட்டே தருகிறேன்.

1. குழாயின் வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழாக மூன்று வரம்புகள் வேண்டும். 2 மி.மீ. உயரம் போதும். புனல் பாட்டில் வாயை அடைக்காது, காற்று தாராளமாக வெளியேறும். அந்தக் காலத்தில் தகரப் புனல் செய்கிறவர் சில புனல்களில் ஒரு கம்பியைப் பற்றவைத்துத் தருவார். கிருஷ்ணாயில் ஊற்றிய அந்தப் புனலுக்கு இருந்த புத்தி இன்றைய பிளாஸ்டிக்குக்கு இல்லை.

2. வடிகட்டி மேலே, அகலமான இடத்தில், கூடை மாதிரி இருக்க வேண்டும். தனியாகத் தூக்கி எடுக்க வர வேண்டும்.

3. புனல் தானே நிற்க வேண்டும். கழுத்தில் ஒரு தோள்பட்டை வைத்தால் பாட்டில்மேல் ஆடாமல் உட்காரும். வாணலிக்கு ஒரு கை, பாட்டிலுக்கு ஒரு கை. புனலைப் பிடிக்க மூன்றாவது கை பகவான் நமக்குக் கொடுக்கவில்லை.

4. விளிம்பு இரண்டு விரல்கடை உயரத்துக்கு நேராக எழும்ப வேண்டும், தெறிப்பதைத் தடுக்க.

5. எவர்சில்வராக இருக்கட்டும். சூட்டுக்குத் தாங்கும். எந்த மூலைக்கும் விரல் போய்த் தேய்க்க முடிய வேண்டும். கழுவ முடியாத வடிகட்டி கொஞ்ச நாளில் அழுக்குக் கூடைதான். 2003இல் சட்டம் போட்டு வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு வைத்தோமே, மொட்டை மாடியைப் பெரிய புனலாக்கியது நல்ல காரியம்தான். ஆனால் அடியில் இருக்கும் கூழாங்கல்லையும் மணலையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துக் கழுவுகிற ஃப்ளாட்டுகள் எத்தனை?

"விலை ஏறிவிடுமே" என்பார்கள். ஏறட்டும். 30 ரூபாய்ப் புனல் 150 ரூபாய் ஆனால் என்ன? ஒரு தடவை கை சுட்டு டாக்டரிடம் போனால் அவர் ஃபீஸ் அதைவிட அதிகம். "காப்புரிமை வாங்க வேண்டுமே" என்பார்கள். தேவையே இல்லை. நான் சொன்ன எதுவும் புதிதல்ல. காப்புரிமை 20 வருஷம்தான், இந்த யோசனைகளுக்கெல்லாம் வயது என்னைவிட அதிகம். உருவ அமைப்பைப் பதிவு செய்துகொள்ள ஆசைப்பட்டால் காப்புரிமை அலுவலகம் கிண்டியிலேயே இருக்கிறது. தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கிற பட்டறைகளும் கிண்டித் தொழிற்பேட்டையிலும் அம்பத்தூரிலும் இருக்கின்றன. யாராவது மனசு வைத்தால் போதும்.

அதுவரை ஒரு சுலபமான வழி சொல்கிறேன். விளக்குமாற்றிலிருந்து எடுக்காதீர்கள், தென்னை ஓலையிலிருந்து புதிதாக ஓர் ஈர்க்குச்சி கிழித்துக் கழுவிக்கொள்ளுங்கள். பல் குத்தும் குச்சியானாலும் சரி. புனலைச் செருகும்போது அதன் குழாய்க்கும் பாட்டில் வாய்க்கும் நடுவே அந்தக் குச்சியை வையுங்கள். குமிழி வராது, எண்ணெய் சத்தமில்லாமல் இறங்கும். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான் ஊற்றுகிறாள், தன் கையாலேயே.