மறியல் பண்ணா அந்நியக் கைக்கூலி, கட்சி வாங்குனா நன்கொடையா?

போராட்டம்னு யார் இறங்கினாலும் முதல் கமென்ட் "வெளிநாட்டுக் காசு" தான். கூடங்குளம் போராட்டத்தின் பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக 2012-ல் பேட்டி கொடுத்தவர் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங்.

நண்பர்களே, 2020 மார்ச் 6-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த இன்சாஃப் வழக்குத் தீர்ப்பு எத்தனை பேருக்குத் தெரியும்? பந்த், சாலை மறியல், ரயில் மறியல், சிறை நிரப்பும் போராட்டம் இதிலெல்லாம் வழக்கமா இறங்குற அமைப்பை "அரசியல் தன்மை உள்ளது"ன்னு அறிவிச்சு, வெளிநாட்டு நன்கொடையை அரசு நிறுத்தலாம்னு 2011 விதி ஒன்று இருந்தது.

சும்மா ஒரு பேச்சுக்கு: ஏரியில் கழிவு கலக்குதுன்னு நம்ம திருமழிசை மக்கள் நெடுஞ்சாலையில் உட்கார்றாங்க. வெளிநாட்டு நிதி வாங்குற ஒரு தொண்டு அமைப்பு இப்படிப் பல ஊர்ல மக்கள் பக்கம் நிக்குது. அந்த விதிப்படி அதோட கணக்கில் கை வைக்கலாம். நீதிபதிகள் நாகேஸ்வர ராவும் தீபக் குப்தாவும் அதுக்குத்தான் கடிவாளம் போட்டாங்க. கட்சி அரசியலில் இறங்குற அமைப்புக்கு மட்டும்தான் தடை. அரசியல் நோக்கம் இல்லாம மக்கள் உரிமைக்குத் துணை நின்னா நிதியை நிறுத்த முடியாது. நியாயமான கோடு.

சரி, அந்தக் கோடு கட்சிகளுக்கு?

வேதாந்தா குழுமத்தின் ஸ்டெர்லைட், சேசா கோவா நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கியதில் காங்கிரஸ், பாஜக ரெண்டுமே சட்டத்தை மீறியிருக்காங்கன்னு 2014 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லி, ஆறு மாசத்துல நடவடிக்கை எடுக்கச் சொன்னது. நடந்தது என்ன? சட்டத்தையே மாத்தினாங்க! 2016 நிதிச் சட்டத்தில் "வெளிநாட்டு மூலம்" என்பதற்கான விளக்கத்தைத் தளர்த்தி, அது 2010-லிருந்தே செல்லும்னு எழுதினாங்க. பழைய நன்கொடைக்கு அது போதல. 2018-ல் 1976 வரைக்கும் பின்னாடி போனாங்க. 42 வருஷம்! மக்களவையில் விவாதமே இல்லாம நிறைவேறியது. அதே 2018, மே மாசம். ஸ்டெர்லைட்டுக்கு எதிரா நின்ன தூத்துக்குடி மக்கள் மேல துப்பாக்கிச் சூடு, 13 உயிர் போச்சு. அவங்களுக்கும் கிடைச்ச பட்டம் "அந்நியக் கைக்கூலி".

இன்சாஃப் தீர்ப்பு வந்த ஆறே மாசத்துல, 2020 செப்டம்பரில், தொண்டு அமைப்புகளுக்கான சட்டத்தை இன்னும் இறுக்கினாங்க. வெளிநாட்டுப் பணம் டெல்லியில் உள்ள ஒரே எஸ்பிஐ கிளைக்குத்தான் வரணும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கட்சிகளுக்கு மட்டும் பின்தேதி போட்ட மன்னிப்பு.

அடுத்த முறை எவனாவது கமென்ட்ல "கைக்கூலி"ன்னு வந்தா, திட்டாதீங்க. 2016, 2018 திருத்தம் யாருக்காகன்னு மட்டும் கேளுங்க.